நங்கூரப் பெட்டியில் எட்டு நாள்

துறைமுகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. புல்லுக்காரி என்றால்தான் தெரியும். கடல் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுடைய அறைக் கதவில் நீளமான பட்டங்களோடு ஒரு பலகை தொங்கத்தான் செய்தது. அதை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்த மீனவர் ஒருவர், "இது வாய்க்குள்ள நுழையாதும்மா" என்று கையை விரித்துவிட்டார். பத்தொன்பது வருடமாகக் கடலுக்கடியில் புல்லை எண்ணிக்கொண்டிருக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அவளுக்கும் அதில் வருத்தமில்லை. தொலைபேசியை எடுத்தால்கூட, "புல்லுக்காரி பேசுறேன்" என்றுதான் தொடங்குவாள்.

கடற்புல்லைப் பாசி என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. ஆளை உட்காரவைத்து விளக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். "பாசி வேறங்க, புல்லு வேற. இதுக்கு வேர் இருக்கு. மண்ணை இறுக்கிப் பிடிச்சுக்கும். புல்லு இருக்கிற வரைக்கும் கரை அரிச்சுக்கிட்டுப் போகாது. மீன் குஞ்சு ஒளிஞ்சுக்க இடம் தேடி அலையாது." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, மறுநாளும் பாசி என்றே சொல்வார்கள். அவளும் சலிக்காமல் மறுநாளும் விளக்குவாள்.

உண்மையான பாசி நான்கு வருடங்களுக்கு முன்புதான் வந்தது. ஏதோ தூரதேசத்துக் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், பறவையின் இறகைப் பச்சை மையில் தோய்த்து வரிசையாக நட்டுவைத்தது போல. ஆனால் கால் ஊன்றிய இடத்தை விடாது. துறைமுகத்தை ஒட்டிய கிழக்குப் பக்கம் முழுக்க இரண்டே வருடத்தில் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிட்டது. வலையை இழுத்தால் மீனுக்கு முன்னால் அதுதான் வந்தது. முக்குளிக்கிறவர்கள் அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்தார்கள். வந்த விருந்தாளி கிளம்புகிற வழியாக இல்லை.

வடக்குக் குடா மட்டும் தப்பித்திருந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிய இடம். மீன்பிடிக்கத் தடை இருந்ததால் வேறு படகுகள் அங்கே போவதில்லை. இடுப்பளவு உயரத்துக்குப் புல் அடர்ந்து, மேலே வெயிலடித்தால் கீழே வெள்ளிக்காசு இறைத்ததுபோல் மீன் குஞ்சுகள் மின்னும். புல்லுக்காரி அங்கே முப்பது இரும்புச் சட்டங்களைத் தரையில் பதித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை புல் இருக்கிறது என்று மாதம் இருமுறை போய்க் கணக்கெடுத்து வந்தாள். புல் நெருக்கமாக இருக்கிற இடத்தில் பாசியால் நுழைய முடியாது, கிழித்த இடத்தில்தான் நுழையும் என்பது அவள் கட்சி. அதை அவள் அடித்துச் சொல்வாள்.

அவளோடு கடலில் இறங்குகிறவள் அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கை. நகராட்சி நீச்சல் குளத்தில் பன்னிரண்டு வருடம் பயிற்சி கொடுத்தவள். குளத்தை மூடியதும், "எனக்குத் தண்ணிய விட்டா வேற எதுவும் தெரியாது அண்ணி" என்று வந்து நின்றாள். ஆறு வருடமாகப் படகை ஓட்டுவதும், நங்கூரம் போடுவதும், அண்ணியின் காற்று சிலிண்டரைச் சரிபார்ப்பதும் அவள் பொறுப்பு. அண்ணியும் நாத்தனாரும் ஒரே சமையலறையில் ஒத்துப்போவதே பெரிய விஷயம், இவர்கள் கடலுக்கடியில் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒத்துப்போகிறார்களே என்று துறைமுகத்தில் மூக்கின்மேல் விரல் வைப்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையும் இருவரும் வடக்குக் குடாவில் இறங்கினார்கள். பத்தாவது சட்டம்வரை எல்லாம் வழக்கம்போல் இருந்தது. பதினோராவது சட்டத்துக்குப் போகிற வழியில், புல்லுக்கு நடுவே ஒரு கைக்குட்டை அகலத்துக்கு மண் தெரிந்தது. அந்த மண்ணில் ஐந்தாறு பச்சை இறகுகள் நின்று ஆடிக்கொண்டிருந்தன.

புல்லுக்காரி அந்த இறகுகளுக்கு அருகே குனிந்தாள். கையை நீட்டி நாத்தனாரின் தோளைத் தட்டினாள். முகக்கண்ணாடிக்குள் நாத்தனாரின் கண்கள் பெரிதாயின. இரண்டு பேரும் சுற்றுவட்டாரத்தை அலசினார்கள். இன்னொரு திட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. காற்று தீர்கிற நேரத்தில் கணக்கு ஏழாகியிருந்தது.

படகில் ஏறியதும் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இங்க எப்படி அண்ணி? நீரோட்டம்கூட இந்தப் பக்கம் வராதே."

"அதான் எனக்கும் புரியல."

"யாராவது திருட்டுத்தனமா வந்து வலை போட்டிருப்பாங்களோ?"

"இருக்கலாம்" என்றாள் புல்லுக்காரி. சொல்லும்போதே அதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

நிலையத்துக்கு வந்ததும் தலையைக்கூடத் துவட்டாமல் கணினிமுன் உட்கார்ந்தாள். ஏழு திட்டுகளையும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக வைத்தாள். மீன்பிடித் தடத்தோடு பொருந்தவில்லை. நீரோட்டத்தோடும் பொருந்தவில்லை. பிறகு, ஒரு ஒழுங்குக்காக, தங்கள் படகு நின்ற இடங்களையும் போட்டுப் பார்க்கலாம் என்று பழைய பதிவேட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். இரண்டு வருடத்தில் நங்கூரம் போட்ட இடங்கள் எல்லாம் நீலப் புள்ளிகளாக விழுந்தன.

ஏழு சிவப்பும் நீலத்தின்மேல் உட்கார்ந்தன. ஒன்றுகூட விலகவில்லை.

பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. அவள் எழுந்து நேராகப் படகுத்துறைக்குப் போனாள். படகின் மூக்கில், பலகைக்கு அடியில், நங்கூரமும் சங்கிலியும் சுருண்டு கிடக்கிற பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருட்டு, ஈரம், இரும்பு வாடை. சங்கிலியை வளையம் வளையமாக வெளியே இழுத்துப் போட்டாள். அடியில் தேங்கிய சேற்றில் விரலை விட்டுத் துழாவினாள். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது சுண்டுவிரல் நகமளவு ஒரு பச்சைத் துணுக்கு. வாடவில்லை, வெளுக்கவில்லை. இன்றைக்குப் பறித்ததுபோல் பளபளவென்று இருந்தது.

பாசி மாதிரி எடுக்க அவர்கள் கிழக்குப் பக்கம் கடைசியாகப் போய் ஐந்து நாட்கள் ஆகியிருந்தன.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். புல்லுக்காரியும் உட்காரத்தான் செய்தாள். ஆனால் அவள் உட்கார்ந்தது ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடத்தில் அவளுடைய மூளை வேலையைத் தொடங்கிவிட்டது. ஐந்து நாள் உயிரோடு இருந்தால் ஆறு நாள் இருக்குமா? ஏழு நாள்? தண்ணீரே இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்?

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் படகைக் கரையேற்றச் சொன்னாள். சோதனை முடிகிறவரை ஒரு துணுக்குகூடக் கடலுக்குத் திரும்பக் கூடாது. முக்குளிக்கிற ஒருவர் கிழக்குப் பக்கத்திலிருந்து புதிதாகப் பறித்துத் தந்த இருபது துணுக்குகளை எண்ணி, ஈரச் சங்கிலிக்கு நடுவே வைத்து, பலகையை மூடினாள். தினமும் காலையில் இரண்டை எடுத்து, நிலையத்தின் கண்ணாடித் தொட்டியில் போட்டுப் பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு காரணமும் இருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை மீன் ஏலக் கூடத்தில் பெரிய கூட்டம் ஏற்பாடாகியிருந்தது.

அந்தக் கூட்டம் இரும்புச் சீப்புக்காக. துறைமுக மேலாளர் ஒரு இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். மிதவைப் படகுக்குப் பின்னால் கட்டி இழுத்தால் பெரிய சீப்பு மாதிரி கடல் தரையை வாரி, பாசியைப் பிடுங்கி, பின்னால் இருக்கிற வலைப்பையில் அள்ளிவிடும். மேலாளர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். மீனவர்கள் தினமும் அவருடைய அறை வாசலில் நின்றால் அவரும் என்னதான் செய்வார்? மீனவர்களின் தலைவரை எல்லோரும் ஸ்பீக்கர் என்றுதான் அழைத்தார்கள். அவர் படகில் நின்று தும்மினால் கலங்கரை விளக்கத்தில் கேட்கும் என்பார்கள். சீப்பு வந்தே ஆக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

சீப்பு வரக்கூடாது என்று சொன்ன ஒரே ஆள் புல்லுக்காரி. இப்போது அவளுடைய நங்கூரமே பாசியைக் கொண்டுபோய் நட்டிருந்தது.

நிலையத்தின் இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் யோசிப்பதற்கு அடையாளம்.

"இப்போ இதை யார்கிட்டயும் சொல்ல வேணாம். வியாழக்கிழமை கூட்டம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் வருடாந்திர அறிக்கையில ஒரு வரி சேர்த்துக்கலாம்."

"ஒரு வரியில அடங்குற விஷயமில்ல சார்."

"நீங்க நின்னு 'நான்தான் பண்ணினேன்'னு சொன்னா, அதுக்கப்புறம் சீப்பைப் பத்தி நீங்க சொல்ற எதையும் அவங்க காதுல போட்டுக்க மாட்டாங்க. அதை யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். சொல்லலேன்னா, சீப்பு ஏன் ஆபத்துன்னு நான் எதை வெச்சு சொல்லுவேன்? என்கிட்ட இருக்கிறதுலயே பலமான சாட்சி என் படகுதான்."

இயக்குநர் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் எழுந்து வந்துவிட்டாள்.

நாத்தனாரைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. விஷயம் தெரிந்ததிலிருந்து இரண்டு நாட்களாக அவள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, கரையில் நின்ற படகுக்கு அருகே சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"படகு ஓட்டுறது நான். நங்கூரம் போடுறது நான், தூக்குறதும் நான். அப்போ கூட்டத்துல என் பேரைத்தானே அண்ணி சொல்லணும்?"

"உன் பேரை நான் ஏன் சொல்றேன்?"

"பின்ன? உண்மை அதுதானே. அண்ணன்கூட நேத்து என் முகத்தைப் பார்த்து, 'என்னடி, கப்பலே கவுந்துபோன மாதிரி இருக்கே'ன்னான். கவுத்தது நான்தான்னு அவன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

புல்லுக்காரி அவள் கையிலிருந்த சிலிண்டரை வாங்கிக் கீழே வைத்தாள். "இங்க பாரு. நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பாசி வந்தப்போ, எதையெல்லாம் நல்ல தண்ணியில கழுவணும்னு ஒரு பட்டியல் எழுதினேன். ஞாபகம் இருக்கா? உடுப்பு, துடுப்பு, பை, கயிறு எல்லாம் எழுதினேன். எழுதி முடிச்சு உன்கிட்ட காட்டினேன். நீ என்ன கேட்ட?"

நாத்தனார் அடுத்த சிலிண்டருக்குக் கையை நீட்டினாள்.

"'நங்கூரப் பெட்டியை விட்டுட்டீங்களே அண்ணி'ன்னு கேட்ட. நான் என்ன சொன்னேன்?"

"...அது தானா காஞ்சிடும்னு சொன்னீங்க."

"காஞ்சிடும்னு சொன்னேன். திறந்து பார்த்துட்டா சொன்னேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதுக்குக் கீழ கையெழுத்தும் போட்டேன். கேள்வி கேட்டவ நீ. பதில் தெரியாம பதில் சொன்னவ நான்." அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள். "இது உனக்கும் ஞாபகம் இருந்திருக்கே. ரெண்டு நாளா ஏன் சொல்லல?"

"எப்படி அண்ணி சொல்றது? நீங்களே நொந்துபோய் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுது அண்ணி பார்த்தது அதுவே முதல் தடவை. குளத்தை மூடியபோதுகூட அவள் அழவில்லை.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மூன்றாம் நாள் எடுத்த துணுக்குகள் தொட்டியில் நூல் மாதிரி கால்களை நீட்டி, சரளைக்கல்லைப் பற்றிக்கொண்டன. ஐந்தாம் நாள் எடுத்ததும் அப்படியே. நாத்தனார் காலை ஏழு மணிக்கே வந்து பெட்டியைத் திறந்து, வெப்பத்தைக் குறித்து, ஈரத்தைக் குறித்து, படம் எடுத்து வைத்துவிடுவாள். எட்டாம் நாள், கூட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை, எடுத்த துணுக்கை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார்கள். உள்ளே பச்சை மணிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. எட்டு நாள் தண்ணீரில்லாமல் இருட்டில் கிடந்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"பலே ஆளுதான் இது" என்றாள் நாத்தனார்.

"எதிரியா இருந்தாலும் கெட்டிக்காரத்தனத்தை ஒத்துக்கத்தான் வேணும்" என்றாள் புல்லுக்காரி.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஏலக் கூடம் நிரம்பி வழிந்தது. சிமெண்ட் தரையைக் கழுவிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மேலாளர் இயந்திரத்தைப் பற்றிப் பேசி, படம் காட்டி, கைத்தட்டல் வாங்கி உட்கார்ந்தார். அடுத்துப் புல்லுக்காரியை அழைத்தார்கள். அவள் கையில் ஒரு வரைபடமும் மூடிபோட்ட கண்ணாடிக் குடுவையும் இருந்தன.

"சீப்பு வேணாம்னு சொல்லத்தான் வந்திருக்கேன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். வடக்குக் குடாவுக்குள்ளயும் பாசி வந்துடுச்சு. ஏழு இடத்துல இருக்கு. கொண்டுபோனது நான். என் படகு நங்கூரத்துல ஒட்டிக்கிட்டுப் போயிருக்கு."

அடுத்த நொடி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அத்தனை சத்தத்துக்கும் மேலே ஸ்பீக்கரின் குரல் கிளம்பியது.

"நல்லா இருக்கும்மா கதை! நாலு வருஷமா வலையை அலசு, காலை அலசுன்னு எங்க உயிரை வாங்கினது யாரு? கடைசியில வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து படுக்கப் போட்டது நீயா? இதுல நீ எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துட்ட!"

சிரிப்பு வெடித்தது. கடைசி வரிசையில் இருந்த நாத்தனார் எழுந்துவிட்டாள். புல்லுக்காரி கண்ணாலேயே அவளை உட்காரச் சொன்னாள். முகம் சூடேறியது அவளுக்கே தெரிந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை. சிரிப்பு அடங்குகிறவரை நின்றாள்.

"திட்டுறது நியாயம்தான் அண்ணே. திட்டி முடிச்சுட்டீங்கன்னா இதைக் கொஞ்சம் பாருங்க." குடுவையைத் தூக்கிக் காட்டினாள். "இது எட்டு நாள் நங்கூரப் பெட்டிக்குள்ள கிடந்தது. தண்ணி கிடையாது, வெளிச்சம் கிடையாது. நேத்து எடுத்தேன். இன்னும் உயிரோட இருக்கு. அளவைப் பாருங்க, சுண்டுவிரல் நகம். இந்த மாதிரி துண்டுங்கதான் ஏழு இடத்துல முளைச்சிருக்கு. ஒரே ஒரு நங்கூரம், அதுவும் மாசத்துக்கு ரெண்டு தடவை போற நங்கூரம்." மேலாளர் பக்கம் திரும்பினாள். "உங்க சீப்புக்குப் பின்னாடி வலைப்பை இருக்கே, அதோட கண்ணு எவ்வளவு சார்?"

மேலாளர் காகிதத்தைப் புரட்டினார். "ரெண்டு விரல் அகலம்."

"ரெண்டு விரல் அகலத்துல இது நிக்குமா?"

மேலாளர் குடுவையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சீப்பு ஒரு நாள் வாரினா இந்த மாதிரி லட்சம் துண்டு ஆகும். பெரிசெல்லாம் பைக்குள்ள போகும், சின்னதெல்லாம் தண்ணியோட போகும். கூடவே மிச்சமிருக்கிற புல்லையும் வேரோட பிடுங்கும். கிழிஞ்ச இடத்துலதான் இது முளைக்கும். மூணு வருஷமா முப்பது சட்டம் எண்ணியிருக்கேன், புல்லு நெருக்கமா இருக்கிற ஒரு சட்டத்துக்குள்ளகூட இது நுழையல. நங்கூரம் கிழிச்ச குழியில மட்டும்தான் நுழைஞ்சிருக்கு. நான் பண்ணின தப்பை நீங்க பெரிய அளவுல பண்ணப் போறீங்க. அதைத் தடுக்கத்தான் வந்தேன்."

கூடத்தில் முணுமுணுப்பு. ஸ்பீக்கர் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்தார்.

"உன் படகுல இருந்துச்சு, சரி. எங்க படகுல இருக்குன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் பார்த்ததில்ல. போய்ப் பார்க்கலாமா?"

கூடத்திலிருந்த நூறு பேரும் அவள் பின்னால் படகுத்துறைக்கு நடந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. பதினான்கு படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. ஸ்பீக்கர், "என் படகுலேர்ந்தே ஆரம்பிங்க, எனக்கென்ன பயம்?" என்று தாவி ஏறி, மூக்குப் பலகையைத் தூக்கினார். சங்கிலியை வெளியே தள்ளினார். தோள்வரை கையை விட்டுத் துழாவினார். கை வெளியே வந்தபோது விரல்களுக்கு நடுவே ஒரு கொத்துப் பச்சை, கொத்துமல்லிக் கட்டு மாதிரி, சொட்டிக்கொண்டு இருந்தது.

அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. ஸ்பீக்கருக்குச் சத்தம் வராமல் போனதைத் துறைமுகம் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினான்கு படகில் ஒன்பதில் இருந்தது. கடைசிப் படகைப் பார்த்து முடித்தபோது மேலாளரின் வெள்ளைச் சட்டையில்கூடச் சேறு தெறித்திருந்தது. அவர் புல்லுக்காரியைத் தனியே அழைத்தார்.

"சீப்பை நிறுத்திடுறேன். ஆனா அதுக்குப் பதிலா என்ன பண்றதுன்னு மேல சொல்லணும். நீங்க உறுதியா சொல்றதை மட்டும் சொல்லுங்க."

"வடக்குக் குடாவைக் காப்பாத்திடலாம். அதை உறுதியா சொல்றேன். திட்டெல்லாம் சின்னதா இருக்கு, கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடினா மூணு மாசத்துல செத்துடும். கிழக்குப் பக்கம் முடியாது சார். அது இனிமே இங்கதான் இருக்கும். அதை அந்தப் பக்கமே நிறுத்தலாம். நங்கூரம் போடாம படகு கட்ட நிரந்தரமா மிதவை வேணும். துறையில நல்ல தண்ணிக் குழாய் வேணும், பெட்டியைக் கழுவ."

"முடியாததை முடியாதுன்னு சொல்றீங்க பாருங்க, அதனாலதான் மத்ததை நம்பத் தோணுது" என்றார் மேலாளர்.

இயக்குநருக்கும் தன் கடமையைச் செய்ய வேண்டியிருந்தது. கவனக்குறைவு என்று புல்லுக்காரிக்கு ஒரு கடிதம் வந்தது. நிலையத்துப் படகை இரண்டு மாதம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. அவள் கடிதத்தை வாங்கிப் படித்து, கோப்பில் வைத்துவிட்டு, துறைமுகத்துக்கு நடந்தாள். குடாவுக்குப் போகப் படகு வேண்டும். யாரிடம் கேட்பது என்று அவள் யோசிக்கவே இல்லை.

"அண்ணே, ரெண்டு மாசத்துக்கு உங்க படகு வேணும்."

ஸ்பீக்கர் வலையிலிருந்து தலையைத் தூக்கினார். "திட்டினவன்கிட்டயே படகு கேக்குறியே, உனக்கு வெக்கமே கிடையாதா?"

"வெக்கப்பட்டா வேலை நடக்காதே அண்ணே."

"பெட்டியைக் கழுவிட்டேன்" என்றார் அவர், கொஞ்சம் ரோஷத்தோடு. "மூணு தடவை கழுவிட்டேன். வந்து பார்த்துட்டு ஏறு."

அவர் படகில்தான் தார்ப்பாய்கள் போயின. மீனவர்கள் கரையில் மணல் மூட்டை கட்டினார்கள். நாத்தனார் கீழே நின்று கயிற்றை இழுத்துச் சைகை காட்ட, மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொரு திட்டின்மேலும் தார்ப்பாயை விரித்து, ஓரத்தில் மூட்டைகளை நெருக்கி அடுக்கி, விளிம்பில் விரல் நுழையாதபடி மண்ணால் மூடினார்கள். மேலே ஸ்பீக்கர் போட்ட சத்தம் பன்னிரண்டு மீட்டர் தண்ணீரைத் தாண்டிக் கேட்டது என்று நாத்தனார் சத்தியம் செய்தாள்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. இரண்டாவது மாதம் அடித்த அலையில் ஐந்தாவது தார்ப்பாய் கிழிந்து பாதி புரண்டுவிட்டது. உள்ளே பாசி வெளுத்திருந்தாலும் சாகவில்லை. முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. அதற்கு அடுத்த வாரம், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் எட்டாவது திட்டு ஒன்று கிடைத்தது.

"இன்னும் எத்தனை இருக்கோ அண்ணி" என்றாள் நாத்தனார், கரையில் இறங்கும்போது.

"இருக்கிறது எல்லாத்தையும் தேடிடலாம். குடா எவ்வளவு பெரிசு? கயிறு கட்டி, கோடு கோடாப் பிரிச்சு, அடி அடியாப் பார்த்துடுவோம். நாற்பது நாள் ஆகும். ஆகட்டுமே."

முப்பத்தாறு நாள் ஆயிற்று. ஒன்பதாவது திட்டு இல்லை.

தார்ப்பாய்களைச் சுருட்டி எடுத்தபோது அடியில் சாம்பல் நிறக் கூழ்தான் இருந்தது. ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் பார்த்தார்கள். துறையில் மேலாளர் மூன்று குழாய்கள் வைத்துக்கொடுத்தார். மாலையில் படகுகள் அங்கே வரிசையில் நின்றன. பெட்டியைக் கழுவாமல் யாராவது நழுவப் பார்த்தால் ஸ்பீக்கரின் குரல் போதும், ஊரே திரும்பிப் பார்க்கும். கிழக்குப் பக்கம் பாசி கிழக்குப் பக்கத்திலேயே இருந்தது. வலையில் வருவது கொஞ்சம் குறைந்திருந்தது, நின்றுவிடவில்லை. அதைப் பற்றி முணுமுணுக்கிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தபோது புல்லுக்காரியின் பெயருக்குப் பக்கத்தில் நாத்தனாரின் பெயரும் இருந்தது. நங்கூரப் பெட்டியைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது யார் என்பதும் முதல் பக்கத்திலேயே இருந்தது. நாத்தனார் அதைச் சட்டம் போட்டு அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடையில் மாட்டச் சொல்லி அடம்பிடித்தாள். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அதைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். ஆனால் கழற்றவில்லை.

ஒரு வருடம் கழித்து, மிதவையில் படகைக் கட்டிவிட்டு, இருவரும் வடக்குக் குடாவில் இறங்கினார்கள். முதல் திட்டு இருந்த இடம் வெறும் மணல். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் புல்லுக்காரி மண்டியிட்டாள். சுற்றிலும் இருந்த புல்லிலிருந்து வேர்த்தண்டுகள் மணலுக்குள் ஊடுருவி வந்திருந்தன. அவற்றின் கணுக்களில் விரலளவு இளம்பச்சைத் தளிர்கள் நிமிர்ந்து நின்றன. நாத்தனார் ஒரு பக்கமிருந்தும் அவள் மறுபக்கமிருந்தும் எண்ணினார்கள். இருவருக்கும் ஒரே கணக்கு வந்தது. தண்ணீருக்கடியில் எழுதுகிற ஸ்லேட்டில் பதினொன்று என்று எழுதிவிட்டு, நான்காவது திட்டைப் பார்க்க நீந்தினார்கள்.